கொத்தனார் வீட்டுக் கூரை

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். கொத்தனார் வீடு தகர வீடு என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். உடையார்பாளையத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, முந்திரிக் காட்டை ஒட்டினாற்போல இருக்கிற அந்தத் தெருவில் நிமிர்ந்து நிற்கிற காங்கிரீட் வீடுகளில் பாதி செல்லதுரை கட்டியவை. அவன் மட்டும் மண்சுவர் மேல் தகரம் போட்ட வீட்டில் குடியிருந்தான். யாராவது கேட்டால், "மொதல்ல ஊரான் வூட்டக் கட்டி முடிச்சுட்டு நம்ம வூட்டுக்கு வருவோம்" என்பான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகியும் ஊரான் வீடு முடிந்தபாடில்லை.

அந்தத் தகரமும் அவன் சம்பாத்தியம் இல்லை. அவன் பெண்சாதி வேணி முந்திரிக்கொட்டை உடைத்துச் சேர்த்தது. வறுத்த கொட்டையைத் தட்டும்போது தெறிக்கிற எண்ணெய் பட்ட இடமெல்லாம் தோல் பொசுங்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி கறுத்துத்தான் போகும். ஐந்து வருஷம் அப்படிக் கறுத்த பிறகுதான் வீட்டுக் கூரையிலிருந்து ஓலை இறங்கித் தகரம் ஏறியது. அன்றைக்கு வேலை செய்தது அவர்கள் இரண்டு பேர்தான். தகரத்தைத் தாங்குகிற இரும்புப் பைப்பைக் கீழிருந்து ஒரு கொக்கி வளைத்துப் பிடிக்கும். அதன் தலை தகரத்தைத் துளைத்து மேலே வரும். மேலே இருக்கிற ஆள் வாஷரும் நட்டும் போட்டு முடுக்க வேண்டும். கீழே ஒருத்தர் பிடிக்காவிட்டால் நட்டோடு சேர்ந்து கொக்கியும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். செல்லதுரை மேலே முடுக்க, வேணி கீழே நாற்காலி மேல் நின்று பிடித்தாள். கழுத்து வலித்தாலும் அன்றைக்கு அவளுக்கு ராணி மாதிரி இருந்தது.

அதே தகரம்தான் பின்னால் வினையாக வந்தது. குடிசைகளுக்குப் பதிலாகக் காங்கிரீட் வீடு கட்டித் தருகிறோம் என்று சர்க்காரிலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். ஓலை வீட்டுக்காரர்கள் பெயரெல்லாம் லிஸ்ட்டில் ஏறியது. பக்கத்து வீட்டு முத்தாயிக்கு வீடு வந்தது, அதைக் கட்டிக் கொடுத்ததும் செல்லதுரைதான். தகரம் போட்ட வீட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கென்னங்க, நல்ல கூரை இருக்குதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். "உன் தகரத்தால கெட்டுது" என்று செல்லதுரை ஒரே ஒரு தடவை சொன்னான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டான் என்று வேணி நினைத்தாள். வேணி எல்லாரைப் பற்றியும் நல்லதாகவே நினைக்கிறவள். அது ஒரு வியாதி, அதற்கு மருந்து கிடையாது.

இந்தக் கார்த்திகையில் புயல் வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் காற்று பலமாக இருக்கும், தகர வீட்டிலும் மண்வீட்டிலும் இருக்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும், மாட்டை ஆட்டைக் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிட வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப் போனார்கள். தானே புயலில் முந்திரி மரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்ததைப் பார்த்த ஊர் என்பதால் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை.

வேணி புதன்கிழமையே ஆரம்பித்துவிட்டாள். வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்த முந்திரிக் கிளையைக் கழிக்கச் சொன்னாள். குடம், அண்டா, சோறு வடிக்கிற குண்டான், ஒன்று விடாமல் தண்ணீர் பிடித்து வைத்தாள். ரேஷன் அரிசியைப் பாலிதீன் பையில் போட்டு இறுக்கிப் பரண்மேல் ஏற்றினாள். கரண்டு எப்போது போகும் என்று யார் கண்டது, இட்லிக்கு அரைப்பதை அன்றைக்கே அரைத்துவிட்டாள். பெரம்பலூரில் காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் நந்தினி, லீவு விட்டார்கள் என்று வந்திருந்தது அவளுக்குப் பெரிய தெம்பு. மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தால் எந்தப் புயல் என்ன செய்துவிடும் என்று நினைத்தாள்.

செல்லதுரைக்கோ கால் தரையில் இல்லை. ஊரில் யார் வீட்டுக் கூரை ஆடினாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். அவனும் ஸ்பேனரும் கம்பியுமாக ஏணி ஏணியாக ஏறி இறங்கினான். வியாழக்கிழமை சாயங்காலம்தான் சொந்த வீட்டுக்கு வந்தான். கூரை மேல் பாரம் வைக்க மணல் மூட்டை வேண்டும்.

"நான் அள்ளித் தரேங்க" என்றாள் வேணி.

"நீ போயி அடுப்புச் சோலியப் பாரு புள்ள. மூட்டைய நான் கட்டிக்கறேன்" என்று காட்டுப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் பத்து மூட்டை கொண்டுவந்தான். வேணி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். தோளுக்கு ஒன்றாக இரண்டிரண்டு மூட்டையை அவன் விறுவிறுவென்று ஏற்றியதைப் பார்த்து அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற முத்தாயியிடம், "பாருங்கக்கா, அம்பதத் தொடப் போறாரு, மூட்டைய எப்புடித் தூக்குறாருன்னு" என்றாள்.

"நீயே கண்ணு வெச்சுராத" என்று முத்தாயி சிரித்தாள்.

இறங்கி வந்தவன், "நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும். நான் வருவேன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்காத" என்றான். ராத்திரி சோற்றில் கை வைக்கும்போதும் அதையே சொன்னான். காலையில் எழுந்ததும் முதல் பேச்சு அதுதான். நம்மேல் எத்தனை அக்கறை இந்த மனுஷனுக்கு என்று வேணிக்குக் கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மெழுகுவர்த்தியும் பேட்டரியும் வாங்க உடையார்பாளையம் போனாள். கடையில் கூட்டம் மொய்த்தது. பால் பவுடரும் ரொட்டியும் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது பத்து மணி. வானம் சாம்பல் பூசிக் கிடந்தது, காற்று விட்டு விட்டு அடித்தது. கரண்டு போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் இடம் பிடிக்கப் பாயோடு நந்தினி முன்னாலேயே போய்விட்டாள். செல்லதுரை மேலத்தெரு அமிர்தலிங்கம் வீட்டுக் கூரையில் இருப்பதாக வழியில் சொன்னார்கள்.

அடுப்படிக்குள் போனதும் வேணி நின்றாள். இருட்டாக இருக்க வேண்டிய கூரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள். நடுவீட்டிலும் அப்படித்தான். வரிசையாக, கையளவு இடம் விட்டு, சல்லடைக் கண் மாதிரி ஓட்டைகள். துருப்பிடித்து விழுந்திருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தாள். துரு இப்படி அளந்து வைத்தாற்போல விழாது என்பது அடுத்த நொடியே உறைத்தது.

சரி, அவரிடம் சொல்லுவோம் என்று அவசரமாகக் கிளம்பினாள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, நந்தினியின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் பாலிதீனில் சுற்றி, எடுத்துப் போவதற்காக வைத்திருந்த நந்தினியின் காலேஜ் பையைத் திறந்தாள். அடியில் கனமாக ஏதோ இருந்தது. துணியைப் பிரித்தாள். கொக்கிகள். ஒன்றுகூட வளையவில்லை, உடையவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து அடுக்கியிருந்தது. நட்டு தனிப் பொட்டலம், வாஷர் தனிப் பொட்டலம். கழற்றிய சாமானை அப்படிப் பத்திரமாகக் கட்டி வைக்கிறவன் இந்த ஊரில் ஒரே ஒருத்தன்தான்.

வேணிக்கு அப்போதும் நம்ப மனம் வரவில்லை. ஏணியைச் சாய்த்துக் கூரை விளிம்பு வரை ஏறி, ஓரத்து மூட்டையை ஒரு கையால் இழுத்தாள். அது வந்துவிட்டது. ஒரு கைக்கு வந்துவிட்டது. அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே முழுக்க முந்திரிச் சருகு, ஒரு பிடி மணலும் இல்லை. தோளுக்கு ஒன்றாக இரண்டிரண்டு தூக்கிய பலசாலியின் பலம் அவ்வளவுதான். வேலியோரம் நின்று தான் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்து, ஏணி மேலேயே அவள் முகம் எரிந்தது.

அமிர்தலிங்கம் வீட்டுக் கூரையில் செல்லதுரை கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். அங்கே இருந்த மூட்டைகள் பிதுங்கிக்கொண்டு கனமாக உட்கார்ந்திருந்தன. வேணியின் முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்து, அவளை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனான்.

"நம்ம கூரையில கொக்கி இல்லீங்க."

"மெல்லப் பேசு."

"மூட்டையில சருகு இருக்குதுங்க."

அவன் ஸ்பேனரை வேட்டியில் துடைத்தான். பொய் சொல்லப் பார்க்கிறானோ என்று அவள் காத்திருந்தாள். ஒரு பொய் சொன்னால்கூட தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவன் சொல்லவில்லை.

"வூடு போனாத்தான் புள்ள வூடு கெடைக்கும்" என்றான். "முழுசாப் போச்சுன்னு எழுதினா புது வூட்டு லிஸ்ட்டுல நம்ம பேரு ஏறும்ங்கறாங்க. அரைகொறையா நின்னா ஒரு தார்ப்பாயக் குடுத்துட்டுப் போயிருவாங்க. ஊருக்கெல்லாம் தளம் போட்டுட்டு நான் தகரத்துக்குக் கீழ படுத்திருக்கேன். எனக்கும் மானம் இருக்குதுல்ல?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா ஒத்துக்குவியா நீ? உன் தகரம், உன் காசுன்னு நிப்பே."

"நின்னா என்ன? என் தகரந்தான?"

"அதுமட்டுமில்ல புள்ள." அவன் குரலை இன்னும் தாழ்த்தினான். "ஆபீசரு வந்து பாக்கறப்ப நீ அழுவணும். நெசமா அழுவணும். வெவரம் தெரிஞ்சு அழுதா மூஞ்சி காட்டிக் குடுத்துரும். உனக்கு நடிக்க வராது."

கடைசி வார்த்தையை அவன் பிரியமாகத்தான் சொன்னான். அதுதான் வேணிக்குத் தாங்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? கூரையைக் கழற்றியதைக்கூட ஆத்திரத்தோடு ஆத்திரமாக விழுங்கிவிடலாம். அவள் கண்ணில் எப்போது தண்ணீர் வர வேண்டும், எத்தனை பேர் முன்னால் வர வேண்டும் என்பது வரைக்கும் இந்த மனுஷன் மட்டம் பிடித்து வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்துக்குப் போ, போ என்று அவன் அடித்துக்கொண்டது அக்கறை இல்லை, வேலைத் திட்டம்.

"நான் போகாம உள்ளயே உக்காந்திருந்தா?"

"அதுக்குத்தான நேத்துலேருந்து படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

வேணி திரும்பினாள். இரண்டடி வைத்ததும் வேறொன்று உறைத்தது. முடுக்கவும் இரண்டு ஆள் வேண்டும், கழற்றவும் இரண்டு ஆள் வேண்டும்.

"கீழ யாரு புடிச்சா?"

செல்லதுரை அவள் முகத்தைப் பார்க்காமல் ஏணியில் ஏறிவிட்டான்.

பதில் எதிரே தெருவில் வந்தது. "எங்கம்மா போனே? உன்னைக் கூப்புட வந்தேன்" என்று நந்தினி குடையைப் பிடிக்க மாட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா தோளில் தொங்கிய தன் காலேஜ் பையைப் பார்த்தாள். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வா பாப்பா. நீ கீழ நின்னு புடி, நான் மேல ஏறிக்கறேன். ஓரத்துல ரெண்டு வரிசை போட்டாக்கூட நின்னுரும்."

"வேணாம்மா."

"முந்தாநேத்து எங்கூடத்தான நின்னு மாவாட்டுன? இன்னிக்குக் காலையில அவருக்குக் கொக்கி புடிச்சிருக்கியே. எனக்கும் புடி."

"எனக்கு ஒரு ரூம் வேணும்மா" என்றாள் நந்தினி. அழவில்லை, நிதானமாகச் சொன்னாள். "கதவு போட்ட ரூம். பத்தொம்பது வயசாவுது, இன்னமும் சேலையத் தொங்கவிட்டு அதுக்குப் பின்னால துணி மாத்தறேன். கூடப் படிக்கற ஒருத்தியக்கூட வூட்டுக்குக் கூப்புட்டதில்ல. நீ இன்னும் எத்தனை வருசம் கொட்டை உடைச்சாலும் தளம் போட முடியாதும்மா. அப்பா சொல்றதுல என்ன தப்பு?"

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. பழமொழியைக் கேட்கும்போது தலையாட்டிவிடலாம், நடுத்தெருவில் பெற்ற மகள் வாயிலிருந்து வரும்போதுதான் அது என்ன என்று தெரியும். நந்தினி கேட்டது தப்பு என்று வேணியால் சொல்ல முடியவில்லை. தன்னிடம் கேட்காமல் தன் தலைக்கு மேலேயே கேட்டுக்கொண்டார்களே என்றுதான் வெந்தது.

தனியாகவே போனாள். நாற்காலி மேல் ஏறிக் கொக்கியைக் கம்பியால் பைப்போடு கட்டி, வெளியே ஓடி, ஏணியில் ஏறி, நட்டைப் போட்டு முடுக்கினாள். கம்பி நழுவிக் கொக்கி சுற்றியது. மறுபடி இறங்கிக் கட்டினாள். அப்படியே மூன்று கொக்கி போட்டாள். நாலாவதற்கு ஏறும்போது காற்று அடியில் புகுந்து ஓரத்துத் தகரத்தை ஒரு சாண் தூக்கிப் போட்டது. ஏணி ஆடியது.

"எறங்குடி! உசுரு முக்கியமா, தகரம் முக்கியமா?" என்று முத்தாயி ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். வாசலில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிட்டு, வேணியைத் தன் வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

முத்தாயி வீட்டு ஜன்னலில் நின்றுதான் வேணி பார்த்தாள். மதியம் இரண்டு மணி இருக்கும். முதலில் சருகு மூட்டைகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. அப்புறம் ஒரு தகரம் எழுந்து, மற்றதையும் இழுத்துக்கொண்டு, காட்டுக்குள் போய் விழுந்தது. அவள் போட்ட மூன்று கொக்கி பிடித்த தகரம் மட்டும் கடைசி வரை அடித்துக்கொண்டு கிடந்தது. அதுவும் கிழிந்து கொக்கியோடு பறந்தது. திறந்த வீட்டுக்குள் மழை நேராக இறங்கியது. சாயங்காலத்துக்குள் முன்பக்க மண்சுவர் ஊறிச் சரிந்தது. முத்தாயி வீடு இம்மிகூட அசையவில்லை. செல்லதுரை கட்டியது, நல்ல வேலைக்காரன்.

மறுநாள் காலையில் வெயிலே அடித்தது. கையில் டேப்பும் போனுமாக ஆபீசரும் இன்னொருத்தரும் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வரும்போதே வேணி முடிவு செய்துவிட்டாள், அழக் கூடாது. உயிரே போனாலும் இவர்கள் முன்னால் அழக் கூடாது. சரிந்த சுவருக்குப் பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆபீசர் சுற்றிப் பார்த்தார். தரையில் கிடந்த பைப்பைக் காலால் புரட்டிவிட்டு, "கொக்கி எதுவும் காணோமே. போடவே இல்லையா?" என்றார்.

"போட்டிருந்தோம் சார், காத்து பிச்சுக்கிட்டுப் போயிருச்சு" என்றான் செல்லதுரை.

ஆபீசர் அவனை நம்பாமல் பார்த்தார். பிறகு வேணியிடம் திரும்பினார். "ஏம்மா, நீங்க சொல்லுங்க. கொக்கி போட்டிருந்துச்சா?"

தெருவே அவள் வாயைப் பார்த்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், செல்லதுரை மானம் சந்தி சிரித்துப் போகும். ஆனால் போன கூரை திரும்பி வராது. இன்றைக்கு மழை வந்தால் எங்கே ஒண்டுவது? நந்தினி ஈரப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். உண்மையைச் சொல்வதற்கான வழியையும் சேர்த்துத்தான் அவர்கள் கழற்றியிருக்கிறார்கள் என்று வேணிக்கு அப்போது விளங்கியது.

"போட்டிருந்துச்சு சார்" என்றாள். "நாந்தான் கீழ நின்னு புடிச்சேன். அவரு மேல முடுக்குனாரு." அதுவும் ஒரு காலத்தில் உண்மைதான். அதைச் சொல்லும்போதே நாற்காலி மேல் நின்ற அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. வேண்டாம், வேண்டாம் என்று பல்லைக் கடித்தாள். கண் கேட்கவில்லை. கறுத்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதாள்.

ஆபீசருக்கு மனசு இளகிவிட்டது. "அழாதீங்கம்மா. முழு சேதம்னு எழுதிட்டேன். புது வீட்டுக்கும் பேர் அனுப்பறேன்" என்று போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

கூட்டம் அவர் பின்னால் போனது. இடிந்த சுவருக்குள்ளே நந்தினி மெதுவாக அடி வைத்து, தன் அறை எதுவரை வரும் என்று அளந்துகொண்டிருந்தாள். செல்லதுரை பெண்சாதிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா அழுத புள்ள" என்றான்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் செய்த ஒரு காரியத்தை அவன் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.